விலகத் தெரிந்த கை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பேசுவதற்கென்றே சில கனமான பொருள்கள் உண்டு. நான் இன்று பேசப்போவது பல் தேய்ப்பது, குளிப்பது, துணி மாற்றுவது, தோசை சுடுவது, கடைக்குப் போய் வருவது பற்றி. ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்கு இவற்றை எப்படிக் கற்றுத்தருவது என்பது பற்றி. தலைப்பை அனுப்பியபோது அமைப்பாளர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு நன்றி. இந்த அரங்கில் பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இது சின்ன விஷயமா, பெரிய விஷயமா என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊரில் ஆட்டிசம் என்றாலே பேச்சு மூன்று வயதுக் குழந்தையைச் சுற்றித்தான். கண்ணைப் பார்க்கிறதா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, எப்போது ‘அம்மா’ சொல்லும்? அதற்குப் பிறகு ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்ற அலைச்சல். யெஸ். பாலபாரதி, லக்ஷ்மி பாலகிருஷ்ணன் போன்றவர்கள் எழுதிய பிறகு அந்தப் பருவத்தைப் பற்றித் தமிழில் வாசிக்கவாவது சில நூல்கள் இருக்கின்றன. ஆனால் பத்து ஆண்டுகள் அப்படியே ஓடிவிடுகின்றன. ஒருநாள் பார்த்தால் பையனுக்கு மீசை அரும்பியிருக்கிறது. எந்தத் தேதியைச் சொன்னாலும் அது என்ன கிழமை என்று சொல்லிவிடுவார். முதுகில் சோப்புப் போட அம்மா வர வேண்டும். பெண்ணுக்குப் பழைய பாட்டு எதுவானாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மனப்பாடம். நாப்கின் மாற்ற அம்மா வர வேண்டும். அம்மாவுக்கு அதற்குள் முழங்கால் வலி வந்திருக்கும்.

“இவ்வளவு அறிவு இருக்கே, இதெல்லாம் தானா வந்துடும்” என்பார்கள் உறவினர்கள். வருவதில்லை. ஏமி டங்கன், சோமர் பிஷப் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். அவர்களுடைய கட்டுரை 2015இல் அச்சில் வந்தது. சராசரி அறிவுத்திறனோ அதற்கு மேலோ உள்ள ஆட்டிச வளரிளம் பருவத்தினரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அன்றாட வாழ்க்கைத் திறன் அவர்களுடைய அறிவுத்திறனைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தது. படிப்பு ஓடும் தண்டவாளம் வேறு, குளியலறை இருக்கும் தண்டவாளம் வேறு.

காரணம் என்ன? மற்ற பிள்ளைகள் இவற்றைப் பாடமாகப் படிப்பதில்லை. அக்காவைப் பார்க்கிறார்கள், வகுப்பில் கிண்டல் செய்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள், பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளித்ததும் மறுநாள் அக்குளுக்குச் சேர்த்துச் சோப்புப் போடுகிறார்கள். ஆட்டிசம் உள்ளவருக்கு அந்த மூக்குச் சுளிப்பு எட்டாமலே போகலாம். எட்டினாலும், அவர் குளிக்கும் குளியல் நாம் குளிப்பது மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. தலையில் விழும் தண்ணீர் வலிக்கலாம். துண்டின் சொரசொரப்பு தாங்க முடியாமல் இருக்கலாம். வயிறு நிறைந்ததும் சிறுநீர் முட்டுவதும் உடம்புக்குள்ளிருந்து வரும் சேதிகள். அவையே சிலருக்குத் தெளிவாக வந்து சேர்வதில்லை. அதற்கு மேல், வேலைகளை வரிசைப்படுத்துவது, ஒன்றை நிறுத்தி அடுத்ததற்குப் போவது, ‘இவ்வளவு போதும்’ என்று முடிவெடுப்பது ஆகியவற்றில் சிரமம்.

குளியலையே முழுசாக எடுத்துப் பார்ப்போம். “குளிச்சிட்டு வா” என்று சொல்லும்போது ஒரு வேலை சொன்னதாக நினைக்கிறோம். மாற்றுத் துணியும் துண்டும் எடுக்க வேண்டும். தாழ்ப்பாள் போட வேண்டும். வெந்நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து சூடு பார்க்க வேண்டும். கழற்றிய துணியை நனையாத இடத்தில் போட வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு சோப்பு, பிறகு மறுபடி தண்ணீர். கண்ணில் சோப்புப் போனால் என்ன செய்வது? முதுகு என்று ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்க முடியாது, ஆனாலும் தேய்க்க வேண்டும். எப்போது நிறுத்துவது? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலரும் சிக்குகிறார்கள். ஒருவர் இரண்டு நிமிடத்தில் முன்பக்கம் மட்டும் நனைத்துக்கொண்டு வெளியே வருவார். இன்னொருவர் முக்கால் மணி நேரம் ஆனாலும் வர மாட்டார்; வெளியே தண்ணீர்த் தொட்டி காலியாகிக்கொண்டிருக்கும்.

எரிக் ஷாப்ளர் 1972இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக நிறுவிய ‘டீச்’ திட்டத்தில் எந்த வேலையை அமைத்துத் தந்தாலும் அது நான்கு கேள்விகளுக்குப் பேச்சில்லாமலே விடை சொல்ல வேண்டும் என்பார்கள். என்ன வேலை, எவ்வளவு, முடிந்தது என்று எப்படித் தெரியும், அடுத்து என்ன? இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு நம் குளியலறைக்குள் போனால் ஒன்று புரியும். ஷவரைவிட பக்கெட் மேல். ஷவருக்கு முடிவே கிடையாது. பக்கெட் காலியானால் குளியல் முடிந்தது, கண்ணாலேயே தெரிகிறது. இரண்டு பக்கெட் வைத்தால் இன்னும் நல்லது: சிவப்பு பக்கெட் சோப்புக்கு முன்னால், நீல பக்கெட் சோப்புக்குப் பின்னால். ஷாம்பு பாட்டிலைச் சாய்த்தால் எவ்வளவு கொட்டும் என்று யாருக்கும் தெரியாது. சாஷே கிழித்தால் ஒரு தலைக்கு ஒரு சாஷே. கடலூர் சின்னிகிருஷ்ணன் குடும்பத்தார் ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து விற்றது கையில் அதிகம் காசு இல்லாதவர்களுக்காக. அது சிறப்புக் கல்விக் கருவியாகவும் பயன்படும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் குப்பை சேருமே என்ற உறுத்தல் எனக்கும் உண்டு. பழகிய பிறகு, ஒரு சாஷே அளவுக்குச் சின்ன மூடியில் ஊற்றிவைத்துப் பாட்டிலுக்கு மாறலாம்.

இனிப் படங்கள். இணையத்தில் கிடைக்கும் கார்ட்டூன் படங்களை ஒட்டாதீர்கள். உங்கள் குளியலறை, உங்கள் பக்கெட், அவருடைய துண்டு ஆகியவற்றைப் போனில் எடுத்து லேமினேட் செய்து, கண் மட்டத்தில் வரிசையாக ஒட்டுங்கள். ஒரு படி முடிந்ததும் படத்தைத் திருப்பிவிடலாம். துணியில்லாத உடம்பின் படம் எதுவும் அதில் வேண்டாம். சோப்பின் படம் போதும்.

சரி, படம் ஒட்டியாயிற்று, பக்கெட் வைத்தாயிற்று. இப்போது கற்றுத்தருபவரின் கை எங்கே இருக்க வேண்டும்? இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

தொடக்கத்தில் கைமேல் கை வைத்துச் செய்யவைக்கலாம், அவர் அதை ஏற்றுக்கொண்டால். அந்தக் கை நாளுக்கு நாள் மேலே போக வேண்டும்: விரலிலிருந்து மணிக்கட்டுக்கு, அங்கிருந்து முழங்கைக்கு, தோளுக்கு, பிறகு தொடாமல் பக்கத்தில் நிற்பதற்கு, கடைசியில் கதவுக்கு வெளியே. எந்த நாளில் எந்த இடத்தில் கை இருந்தது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்திலாவது குறித்துவையுங்கள். ஒரு மாதமாகக் கை அதே மணிக்கட்டில் நின்றால் நாம் எங்கேயோ தேங்கிவிட்டோம் என்று பொருள்.

கையாவது பரவாயில்லை. குரல்தான் பெரும்பாடு. “பிரஷ்ஷை எடு. பேஸ்ட் வை. போதும். தேய். அந்தப் பக்கம். துப்பு.” தினமும் காலையில் இது நடக்கிறது. ஒரு வருடம் கழித்து அம்மா ஊருக்குப் போயிருக்கும்போது பார்த்தால், பையன் வாய் நிறைய நுரையோடு வாஷ்பேசின் முன்னால் நிற்கிறார். ‘துப்பு’ என்ற சொல் இன்னும் வரவில்லை. அவர் பல் தேய்க்கக் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. அவர் கற்றுக்கொண்ட பல் தேய்ப்பில் அம்மாவின் குரல் ஒரு படியாகச் சேர்ந்திருக்கிறது. வாயைத் திறந்து சொல்வது நமக்கு எளிது. அதனாலேயே அதைத் திரும்பப் பெறுவது கடினம். சுட்டிக்காட்டுங்கள், படத்தைத் தட்டிக் காட்டுங்கள். அதற்கும் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் யாருக்கும் வருவதில்லை. பள்ளி வேன் தெருமுனையில் ஹார்ன் அடிக்கும்போது எந்தத் தாயால் பொறுமையாகக் காத்திருக்க முடியும்? ஆகவே காலையில் கற்றுத்தராதீர்கள். காலையில் நீங்களே செய்துவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். கற்றுக்கொடுப்பதை மாலைக் குளியலுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சில வேலைகளைக் கடைசிப் படியிலிருந்து தொடங்குவது நல்லது. தோசை சுடக் கற்றுத்தரும்போது மாவு கரைப்பதில் ஆரம்பித்தால், பாடம் முடிவதற்குள் அவர் சமையலறையை விட்டுப் போய்விடுவார். வெந்த தோசையைத் திருப்பியால் எடுத்துத் தட்டில் போடுவது முதல் பாடம். மற்றதெல்லாம் நீங்கள் செய்யுங்கள். தோசை அவர் கையால் தட்டில் விழுகிறது, அதை அவரே சாப்பிடுகிறார். அது பிடிபட்ட பிறகு புரட்டிப் போடுவது, பிறகு எண்ணெய் விடுவது, பிறகு மாவை வட்டமாக இழுப்பது. வட்டமாக வராவிட்டாலும் தோசைதான். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுபவரிடம் போய்க் குக்கரில்தான் சோறு வைக்க வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள். எலக்ட்ரிக் குக்கர் விசிலடிக்காது, தானாக நின்றும்விடும்.

1970களின் தொடக்கத்தில் இலினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் கோல்ட் என்றொருவர் இருந்தார். கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், எதற்கும் லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்கள், அவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். பேச்சு மிகக் குறைவு. பாகத்தின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டுமோ அந்தப் பக்கத்தில் சிவப்புச் சாயம். தவறாக வைத்தால் ‘தப்பு’ என்று சொல்வதில்லை. வேறு மாதிரி வைத்துப் பார்க்கச் சொல்வார். அவருடைய முறைக்கே ‘ட்ரை அனதர் வே’ என்று பேர் நிலைத்துவிட்டது. கற்பவருக்கு வரவில்லை என்றால் கற்பிக்கும் வழியை மாற்ற வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. “இவனுக்கு இது வராதுங்க” என்ற வாக்கியத்தை நான் இன்னும் ஆசிரியர் அறைகளில் கேட்கிறேன்.

அதே பத்தாண்டில் விஸ்கான்சினில் லூ பிரவுன் என்ற கல்வியாளர் வேறொரு பக்கத்திலிருந்து அடித்தார். சிறப்புப் பள்ளியில் பதினாறு வயதுக்காரர் துளைப் பலகையில் குச்சி செருகிக்கொண்டிருக்கிறார். வளர்ந்தபின் எந்தக் கடையில், எந்த வீட்டில் அவர் குச்சி செருகப்போகிறார்? பெரியவரானபின் எது தேவைப்படுமோ அதை, அது தேவைப்படும் இடத்திலேயே கற்றுக்கொடுங்கள் என்று அவரும் சகாக்களும் 1976இல் எழுதினார்கள். நம் ஊரில் அன்றாட வேலைகளைப் பழக்க ‘ஏ.டி.எல். கிளாஸ்’ என்று கால அட்டவணையில் ஒரு பாடவேளை இருக்கும். அதில் பலகையில் தைத்த துணியில் பட்டன் போட்டுக் கழற்றுவார்கள். பலகையில் இருக்கும் பட்டன் எதிரே இருக்கிறது, சட்டையில் இருப்பது நெஞ்சின் மேல், மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். பலகையில் கற்றது சட்டைக்கு வந்து சேரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆட்டிசத்தில் இது இன்னும் கறாரான உண்மை: பள்ளிக் குழாயில் கை கழுவுபவர் பாட்டி வீட்டுக் குழாயின் முன்னால் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

திறனை மதிப்பிடும் அளவுகோல்களிலும் இப்படி இடம் சார்ந்த பிரச்சினை உண்டு. எட்கர் டால் 1935இல் நியூ ஜெர்சியின் வைன்லண்டில் உருவாக்கிய சமூக முதிர்ச்சி அளவுகோலில், மேசைக் கத்தியால் ரொட்டியில் தடவத் தெரியுமா என்பது ஒரு கேள்வி. நம் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது ரசம் சாதத்தைத் தட்டைத் தாண்டி ஓடவிடாமல் பிசைந்து சாப்பிடுவது. விரலில் பிசுபிசுப்புப் பட்டாலே துடிப்பவருக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று எந்த மேல்நாட்டுப் படிவத்திலும் இராது. கரண்டி கொடுங்கள், கல்யாண வீட்டில் யாராவது ஏதாவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு இந்தியாவில் பயன்படுத்தும் ‘இஸா’ அளவுகோலில் 40 கூறுகள் இருக்கின்றன. ஆட்டிசத்தின் தீவிரத்தை அது அளக்கிறது. தானாகக் குளிப்பாரா, தனியாகக் கடைக்குப் போவாரா என்பதை அறிய அது உருவாக்கப்படவில்லை. 70 சதவீதம் என்று சான்றிதழில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, மீதி 30தான் நம் பிள்ளையால் முடியும் என்று கணக்குப் போடும் பெற்றோரைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

எந்த அளவுகோலும் இல்லாமல் ஒரு குடியானவத் தம்பதி செய்ததைச் சொல்கிறேன். 1943இல் மனநல மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை ஆட்டிசத்தின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. அதில் முதலாமவர் டொனால்ட் டிரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். 1942இல் பெற்றோர் அவரைச் சில மைல் தள்ளி ஒரு குத்தகை விவசாயத் தம்பதியிடம் தங்கவைத்தார்கள். 1945இல் கேனர் போய்ப் பார்த்து அசந்துபோனார். பையனுக்கு எதையும் அளக்கும் வெறி. கிணறு தோண்டி ஆழத்தை அளந்து சொல்லும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவற்றைப் புதைக்கத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள், அவர் ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை நட்டார். சோளக் கொல்லையின் வரிசைகளை ஓயாமல் எண்ணினார். உழுதுகொண்டே எண்ணட்டும் என்று ஏரைக் கையில் கொடுத்தார்கள். கேனர் பார்க்கும்போது அவர் குதிரையை ஓட்டி உழுது, திருப்பி, மறுபடி உழுதுகொண்டிருந்தார். 1971இல் எழுதிய தொடர்கட்டுரையில் கேனர் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். டிரிப்லெட் பிறகு பட்டம் பெற்றார், வங்கியில் வேலை பார்த்தார், 27 வயதில் கார் ஓட்டக் கற்றார், தனியாகப் பல நாடுகளுக்குப் போய் வந்தார், 2023இல் 89 வயதில் காலமானார். அது அவருடைய குடும்பத்தின் வங்கி, ஊரே அவரை அறிந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் வங்கி இருக்காது. ஆனால் பையனின் பிடிவாதத்தை ஒடிக்காமல் அதன் கையிலேயே ஏரைக் கொடுத்த அந்தத் தம்பதிக்குப் பணமும் இல்லை, பயிற்சியும் இல்லை.

27 என்ற வயதைக் கவனியுங்கள். லீஆன் ஸ்மித்தும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வில், அன்றாடத் திறன்கள் வளரிளம் பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கூடிக்கொண்டே போய், இருபதுகளின் பிற்பகுதியில் தேங்கின. அப்படியானால் பதினெட்டு என்பது கற்பதற்குக் கடைசி வயதில்லை. ஆனால் நம் ஊரில் பல பிள்ளைகளுக்கு அந்த வயதோடு பள்ளி முடிந்துவிடுகிறது, அதன்பின் வீடும் டிவியும்தான். பெற்றோரின் கவலை அப்போது காப்பாளர் சான்றிதழ் பக்கம் திரும்புகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பதினெட்டைத் தாண்டியவருக்குக் காப்பாளரை நியமிக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், காப்பாளரும் அவரும் ஒருவரையொருவர் புரிந்து கலந்து முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட காப்பாண்மை பற்றிப் பேசுகிறது. கலந்து முடிவெடுப்பது என்பது இருபது வயதில் திடீரென்று வந்துவிடாது. இன்றைக்கு எந்தச் சட்டை, இட்லியா பொங்கலா, குளியல் இப்போதா சாப்பிட்ட பிறகா என்று பத்து வயதிலிருந்தே கேட்கப்பட்டிருக்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று அவர் சொன்னால் அது மதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த ‘வேண்டாம்’ உடம்பின் பாதுகாப்பும்கூட. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இருபது வயதுவரை பிறர் குளிப்பாட்டி, பிறர் துணி கழற்றிவிடும் ஒரு பெண், பெரியவர் யாரும் தன் துணியைக் கழற்றலாம் என்றுதான் கற்றிருப்பார். பையனுக்கும் அப்படியே. கீழ்ப்படிதலை மட்டுமே கற்றுக்கொடுத்த பயிற்சி இங்கே ஆபத்தாகத் திரும்புகிறது. தாழ்ப்பாள் போடுவது, யார் எதற்காகத் தொடலாம் என்பது, தள்ளிவிட்டுக் கத்துவது ஆகியவை சோப்புப் போடுவதோடு சேர்ந்த பாடம். மாதவிடாய்க்கும் அது வருவதற்கு முன்பே பழக்கம் தேவை. நாப்கின் எங்கே ஒட்ட வேண்டும் என்று உள்ளாடையில் நூலால் கோடு தைத்துவைக்கலாம். மாதத்தில் சில நாள் சும்மாவாவது அணிந்து பழகலாம், அந்த உரசல் அன்றைக்குப் புதிதாக இருக்கக் கூடாது. பையன்களுக்கு ரேசரைவிட டிரிம்மர் பாதுகாப்பு. ஆனால் அதன் அதிர்வு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது; முதல் சில நாள் கையில் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வெளியே போவதைப் பற்றி நேரம் கருதிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கடையில் மீதிச் சில்லறை எண்ணுவது பலருக்குப் பெரிய தடையாக இருந்தது. போனில் ஸ்கேன் செய்து கட்டும் வழக்கம் அதைத் தாண்டிவிட்டது; பின் நம்பரைக் கேட்டவருக்கெல்லாம் சொல்லிவிடும் புதிய பிரச்சினையையும் கொண்டுவந்திருக்கிறது. கணக்கில் சின்னத் தொகை மட்டும் போட்டுவையுங்கள். தெருமுனைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். அவர் அவசரப்படாமல் ஒரு நிமிடம் காத்திருந்தால் அதுவே பாதி வேலை.

கடைசியாக அப்பாக்களிடம் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் ஆட்டிசம் இல்லாத பதினெட்டு வயதுப் பையனுக்கும் தன் தட்டைக் கழுவத் தெரியாது. அதை யாரும் குறைபாடு என்று மதிப்பிட்டுச் சான்றிதழ் தருவதில்லை. அம்மாவோ தங்கையோ செய்துவிடுகிறார்கள். ஆட்டிசம் உள்ள பையனுக்குத் தட்டுக் கழுவக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று வீட்டில் பேசும்போது, அவர் பார்த்துச் செய்ய வேண்டிய ஆண் ஒருவர் கையை மட்டும் கழுவிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்காருகிறார். பார்த்துச் செய்வது அவருக்கு ஏற்கெனவே சிரமம், பார்க்கவும் ஆளில்லை. வளர்ந்த பையனைக் குளிக்கவும் சவரம் செய்யவும் பழக்குவது அம்மாவின் வேலையாக இருக்கக் கூடாது. அந்தப் பையனின் மானத்துக்காகவே கூடாது. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாக்கள் வர வேண்டும், தோசைத் திருப்பி பிடிக்கத் தெரியாதவர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், இன்னும் கால் மணி நேரம் தந்திருக்கிறார்கள்.